அடித்தல் திருத்தலுடன் ஓர் ஓவியம்

கடைக்காரர் பொருளை எடைபோடுகிறார். அவருடைய எடைக்கல் உண்மைதான் பேசுகிறதா என்று பார்க்க ஓர் ஆய்வகம் இருக்கிறது. அந்த ஆய்வகத்தின் கீழ்த்தளத்தில், இரட்டைக் கதவுகளுக்கு உள்ளே, சன்னல் இல்லாத ஓர் அறையில் எடைக்கற்களை எடைபோட்டபடி இருபத்திரண்டு ஆண்டுகள் நின்றுகொண்டிருந்தார் நம்மவர். நின்றுகொண்டிருந்தார் என்பதை அப்படியே கொள்க. உட்கார்ந்து எழுந்தால் காற்று அசையும். காற்று அசைந்தால் தராசுத் தட்டு அசையும். தட்டு அசைந்தால் அன்றைய பொழுது வீண். வெளியே வெயில் கொளுத்தினாலும் மழை கொட்டினாலும் அறைக்குள் எப்போதும் இருபது பாகை வெப்பம். அங்கே சிரிக்கக் கூடாதென்று யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆயினும் யாரும் சிரித்ததில்லை.

அந்த அறைக்கு இரண்டு விதிகள் உண்டு. முதலாவது, வந்திறங்கிய எடைக்கல்லை உடனே அளக்கலாகாது. வெளியுலகின் சூடு தணிந்து அறையின் சூட்டுக்கு அது வந்து சேரும் மட்டும் ஒரு பகலும் ஓர் இரவும் அப்படியே விட்டுவைக்க வேண்டும். ஊறவிடுதல் என்று அதற்குப் பெயர். இரண்டாவது விதி, அழிப்பான் கூடாது. பதிவேட்டில் ஓர் எண் பிழையாக விழுந்துவிட்டால், பழைய எண் படிக்கத் தெரியும்படி அதன்மேல் மெல்லிய கோடு ஒன்று போட்டு அடித்து, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும். முன்னொரு காலத்தில் ஓர் ஊழியரின் இழுப்பறையில் வெள்ளைத் திருத்தி மை ஒரு புட்டி அகப்பட்டதாம். இன்றைக்கும் அவரைப் பற்றிப் பேச்சு வந்தால், இளமையில் இறந்தவரைப் பற்றிப் பேசும் குரலில்தான் பேசுவார்கள்.

ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் நடுவே தட்டு அமைதியுற நான்கு நிமிடம் வேண்டும். நாளொன்றுக்கு அப்படி ஐம்பது, அறுபது இடைவெளிகள். கையிலோ பேனா. எதிரிலோ, பளபளவென்று, அசையாமல், முகங்கொடுத்து நிற்கும் எடைக்கல். கழித்துப்போட்ட படிவங்களின் பின்புறத்தில் நம்மவர் எடைக்கல்லை வரைந்தார். மறுநாள் வேறோர் எடைக்கல்லை வரைந்தார். இப்படியே ஆண்டுகள் போயின. உடன் பணிபுரிந்தவர்கள் அவருக்கு 'மில்லிகிராம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதில் வசை ஏதும் இல்லை. அளவு மட்டுமே இருந்தது.

நாற்பத்தாறாம் வயதில் அவர் கவின்கலைக் கல்லூரியின் மாலை நேர முதுகலை ஓவிய வகுப்புக்கு விண்ணப்பித்தார். ஏதேனும் ஒரு பட்டமும், வரைந்த படங்களும் இருந்தால் போதும் என்றது விதி. அவரிடம் இயற்பியல் பட்டம் ஒன்றும் எடைக்கல் படங்கள் ஆயிரத்து நூற்று நாற்பதும் இருந்தன.

"இந்த வயசுல ஓவியம் படிக்கணும்னு ஏன் தோணுச்சு உங்களுக்கு?" என்று கேட்டது தேர்வுக் குழு.

"ஒவ்வொரு அளவுக்கும் நடுவுல நாலு நிமிஷம் இருக்குங்க" என்றார் நம்மவர்.

குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதில் ஆழ்ந்த தத்துவம் இருப்பதாகக் கருதி இடம் கொடுத்தார்கள். அதில் இருந்தது தகவல்தான்.

முதல் நாள் அவர் வகுப்பறைக்குள் நுழைந்ததும் மாணவர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். உட்காரச் சொன்னார், உட்கார்ந்தார்கள். அதன்பின் உண்மையைச் சொல்லத் தக்க தருணம் வாய்க்கவில்லை. ஒரு மாணவி விடுப்புக் கடிதம்கூடக் கொடுத்தாள். அதை வாங்கி உரியவரிடம் சேர்ப்பித்தார். மூன்றாம் வாரத்தில்தான் குட்டு வெளிப்பட்டது. அன்றுமுதல் அவர் எல்லாருக்கும் அண்ணன்.

வேறோர் ஊரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த மகள் தொலைபேசியில் கேட்டாள்: "அப்பா, நீங்க பெயிலானா எனக்கு லெட்டர் வருமா?"

வரக்கூடிய நிலைதான் இருந்தது. இரண்டாண்டுப் படிப்பை வேலை பார்ப்போர் ஐந்தாண்டுகளுக்குள் முடிக்கலாம் என்று சலுகை. இறுதித் தேர்வில் மாணவர் தம் படைப்பைச் சுவரில் மாட்டி, நான்கு தேர்வாளர்கள் முன் நிற்க வேண்டும். நம்மவர் இரண்டு முறை நின்றார். முதல் முறை முப்பது எடைக்கற்களை மாட்டினார். "இது ஏதாவது கம்பெனி விலைப்பட்டியலா?" என்று கேட்டார்கள். இரண்டாம் முறை, இளைஞர்களின் யோசனைப்படி மனத்தை அவிழ்த்துவிட்டு, வண்ணத்தை வாரி இறைத்திருந்தார். இதன் பொருள் என்ன என்று கேட்டார்கள். "தெரியலீங்க" என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லை. இரண்டு முறையும் தேர்ச்சி இல்லை.

இப்போது ஐந்தாம் ஆண்டு. இதுவே கடைசி வாய்ப்பு. தவறினால் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். அந்தப் பட்டியலில் அடித்தால் பக்கத்தில் வேறெதுவும் எழுதமாட்டார்கள்.

மருத்துவமனை மருந்தகத்தில் மருந்தாளராக இருந்த அவர் மனைவியும் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். வீட்டில் இருந்த அறைகள் இரண்டே. பின்னறையை ஐந்தாண்டுகளாகப் பலகைகளும் தாள்சுருள்களும் ஆண்டுகொண்டிருந்தன.

"இந்தத் தடவையும் பாஸாகலேன்னா அந்த ரூமைக் காலி பண்ணி எனக்குக் குடுத்துடணும்."

"உனக்கு எதுக்கும்மா தனி ரூம்?"

"கதவைச் சாத்திக்கிட்டு உட்கார. காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் கவுண்டர்ல நிக்கிறேன். வர்றவங்க எல்லாரும் என் மூஞ்சியைத்தான் பார்க்கிறாங்க. யாரும் பார்க்காத இடம் ஒண்ணு வேணும்."

நியாயமான கோரிக்கை. நம்மவர் மறுக்கவில்லை.

அவருக்கு வழிகாட்டியாக அமைந்த பேராசிரியை அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். படங்களையெல்லாம் ஒருமுறை பார்த்துவிட்டு, "சார், உங்க கோடு எல்லாம் சரியா இருக்கு. அதுதான் பிரச்சனை" என்றார். நம்மவர் அதைக் குறிப்பேட்டில் எழுதித் தேதி போட்டுக்கொண்டார்.

"எடைக்கல் வேண்டாம் சார். உயிருள்ள ஒரு ஆளை வரைங்க. ஒரே ஆள். ஒரே படம். தினமும்."

"உயிருள்ள ஆள் அசைவாங்களே மேடம்."

"அசையட்டும்."

இதையும் எழுதிக்கொண்டார், ஆனால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி இட்டார்.

உயிருள்ளவர், தினமும் கைக்கெட்டும் தொலைவில் இருப்பவர், கேட்டால் வரக்கூடியவர் என்று தேடியதில், உலகத்தில் ஒருவர்தான் தேறினார். இருபத்து மூன்றாண்டு இல்லறத்தில் நம்மவர் மனைவியை ஒருமுறைகூட வரைந்ததில்லை. எடைக்கற்களுக்குக் கிட்டிய பேறு அந்த அம்மையாருக்குக் கிட்டவில்லை. கேட்டதும் அவர் ஒப்புக்கொண்டார்.

மாதத்தின் முதல் தேதி தொடங்கியது பணி. கதவளவு உயரத் தாளைச் சுவரில் பொருத்தினார். பதிவேட்டில் எழுதும் அதே கறுப்பு மையைப் பேனாவில் நிரப்பினார். மருந்தகத்திலிருந்து திரும்பிய மனைவியைப் பின்னறை நாற்காலியில் அமர்த்தி, கதவைச் சாத்திவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

உள்ளிருந்து குரல் வந்தது. "என்னங்க, வரையலையா?"

"அரைமணி ஆகட்டும். ஊறணும்."

"நான் என்ன பருப்பா?"

"வெளிச்சூடு போய் ரூமோட சேரணும். இல்லேன்னா அளவு தப்பா வரும்."

"சரி. அதுவரைக்கும் யாரும் உள்ள வராதீங்க" என்றது குரல்.

பெரும் பக்தர்கள் பாதாதிகேசமாக, திருவடி தொட்டுத் திருமுடி வரை, ஒன்றும் விடாமல் கண்டு மகிழ்வார்கள் என்பர். நம்மவரும் பாதத்திலிருந்தே தொடங்கினார். கீழிருந்து மேலாகப் படிப்பது அளவுகோலின் வழக்கம் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. நாள்தோறும் அரைமணி ஊறல். பிறகு ஒன்றரை மணி நேரம் அசையாமல் இருத்தல். "அசையாதே" என்பதைத் தவிர அவர் வேறெதுவும் பேசவில்லை. ஐந்தாம் தேதி முகத்துக்கு வந்து சேர்ந்தார். மூக்கு சற்று நீண்டுவிட்டது.

ஓவியர்கள் இந்நிலையில் என்ன செய்வார்கள் என்பதை ஐந்தாண்டுப் படிப்பில் அவர் கண்டிருக்கக்கூடும். ஆயினும் இருபத்திரண்டு ஆண்டு கை, ஐந்தாண்டுப் படிப்பைக் கேட்காது. நீண்ட மூக்கின்மேல் மெல்லிய கோடு ஒன்று போட்டு அடித்தார். பக்கத்தில் சரியான மூக்கை வரைந்தார். சுருக்கொப்பமிட்டுத் தேதி போட்டார். மறுநாள் அந்த மூக்கும் பிழையென்று பட்டது. அதையும் முறைப்படி அடித்தார். தாம் செய்வதில் விசேஷம் ஏதும் இருப்பதாக அவருக்குத் தோன்றவேயில்லை.

முப்பதாம் தேதி படம் முடிந்தது. அளவு முடியும்வரை எடைக்கல்லின் உரிமையாளருக்குப் பதிவேட்டைக் காட்டும் வழக்கம் ஆய்வகத்தில் இல்லை. ஆகவே மறுநாள் மாலைதான் மனைவி படத்தின் முன் வந்து நின்றார். தேர்வுக்கு நான்கு நாள் இருந்தது.

"இது என்னங்க, ஏழு மூக்கு?"

"ஆறு அடிச்சிருக்கு. ஒண்ணுதான் கணக்கு."

"அடிச்சதும் தெரியுதே!"

"தெரியணும். அதுதான் விதி."

"ஊர்ல உள்ளவங்க பொண்டாட்டியை வரைஞ்சா ஒரு மூக்கோட விடுவாங்க."

"அவங்ககிட்ட ரப்பர் இருக்கும்."

அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார். காதுகளை எண்ணினார். கண்களைச் சரிபார்த்தார். பிறகு வாய்க்கு வந்தார். வாய்கள் பதினொன்று, பத்து அடிபட்டிருந்தன. மருந்துப் பட்டையில் காலாவதித் தேதி பார்க்கும் பழகிய கண்ணால் ஒவ்வொரு வாயின் தேதியையும் படித்துக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நின்றுவிட்டார்.

"பன்னெண்டாம் தேதி வாயை ஏன் அடிச்சீங்க?"

"தப்பா விழுந்துடுச்சு. ரெண்டு ஓரமும் கீழ இறங்கிடுச்சு. மறுநாள் பார்த்தேன், நேராத்தான் இருந்தது. அதான் அடிச்சேன்."

மனைவி, தட்டு அமைதியுற எடுத்துக்கொள்ளும் நேரத்தை எடுத்துக்கொண்டார்.

"அன்னிக்கு இறங்கித்தாங்க இருந்தது."

"ஏன்?"

"பார்மசி இன்சார்ஜ் போஸ்ட் எனக்கு வரும்னு எல்லாரும் சொல்லிக்கிட்டிருந்தாங்க இல்ல? நான் வேலை கத்துக்குடுத்த பொண்ணுக்குப் போட்டுட்டாங்க. பன்னெண்டாம் தேதி காலைல ஆர்டர் வந்தது."

"நீ சொல்லவே இல்லையே."

"நீங்கதான் அசையாதேன்னு சொல்லிட்டீங்களே."

நம்மவர் படத்தைப் பார்த்தார். கூரிய மையில், இரு ஓரமும் சரிந்து, அந்த வாய் கோட்டுக்கு அடியில் தெளிவாகத் தெரிந்தது. முழத்தொலைவில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் பார்த்திருக்கிறார். கை கண்டிருக்கிறது. அவர்தான் காணவில்லை. கண்டதைப் பிழையென்று அடித்தும்விட்டார். அழிப்பான் வைத்திருப்பது ஆய்வகத்தில் பெருங்குற்றம். மெய்யான அளவைப் பொய்யென்று அடிப்பது அதனினும் பெரிது.

"அப்ப பத்தொன்பதாம் தேதி?" என்று மெல்லக் கேட்டார். அங்கே இடது ஓரம் மேலே ஏறியிருந்தது. அதன்மேலும் கோடு.

"அதுவா? அன்னிக்கு அந்தப் பொண்ணுக்கு இருதய மருந்து எந்த அலமாரின்னு தெரியலை. அத்தனை பேர் முன்னாடி வந்து என்கிட்ட கேட்டா. நான் ரொம்ப மரியாதையா எடுத்துக் குடுத்தேன்." பத்தொன்பதாம் தேதி வாய் மறுபடியும் ஒருமுறை வந்து போயிற்று.

இருவரும் நாற்காலிகளை இழுத்துப்போட்டுக்கொண்டு அடிபட்ட பத்து வாய்களையும் வரிசையாக விசாரித்தார்கள். இருபத்திரண்டாம் தேதி வாய் எதிர்வீட்டுக்காரர் வண்டியை வாசலில் நிறுத்தியதால் வந்தது. ஏழாம் தேதி வாய்க்குக் காரணம் பல்வலி. விசாரணை முடிவில் ஆறு வாய்கள் மெய்யென்று நிறுவப்பட்டன.

"மிச்சம் நாலு?"

"அது என் வாயே இல்ல. உங்க கை."

அடித்த கோட்டை எடுக்க முடியாது. அதற்கும் ஆய்வகத்தில் வழி இருந்தது. ஆறு வாய்களின் பக்கத்திலும் சிறிய எழுத்தில் எழுதினார்: 'இந்த அடித்தல் தவறு. முதலில் வரைந்ததே சரி.' கையொப்பம், தேதி. இரண்டாமவர் ஒருவர் சரிபார்த்தாக வேண்டும் என்பதும் விதி. பேனாவை மனைவியிடம் நீட்டினார். மருந்துச்சீட்டில் இடும் அதே வேகக் கையெழுத்தை அவர் ஆறு இடத்திலும் இட்டார்.

"தப்பா அடிச்சா உங்க ஆபீஸ்ல என்ன தண்டனை?"

"எழுத்துமூலம் விளக்கம் குடுக்கணும்."

"குடுங்க."

நம்மவர் ஒரு தாளை எடுத்து உட்கார்ந்தார். நெடுநேரம் எழுதினார்; நான்கு வரி வந்தது. 'அளக்கப்படுவது நாளுக்கு நாள் மாறாது என்று கருதி, மாறியதையெல்லாம் என் கைப்பிழை என்று அடித்துவிட்டேன். காரணம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். இனிக் கேட்பேன்.' மனைவி அதை இரண்டு முறை படித்தார். நான்காக மடித்து, அலுவலக அடையாள அட்டை வைக்கும் உறைக்குள் செருகிக்கொண்டார்.

தேர்வு நாளுக்கு விடுப்புக் கேட்டபோது ஆய்வக மேலாளர் தலைநிமிர்ந்தார்.

"இந்த வயசுல என்னய்யா தேர்வு?"

"கடைசித் தேர்வு சார்."

மேலாளர் அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் கையெழுத்திட்டார்.

அன்று காலை படத்தைச் சுவரில் மாட்டியபோதுதான் பேராசிரியை அதை முழுமையாகக் கண்டார். அருகில் போனார், விலகி வந்தார், மறுபடி அருகில் போனார். "சார், இப்ப கோடு எதுவுமே சரியா இல்லை" என்றார்.

"ஆமாங்க மேடம்."

"நல்லா இருக்கு சார்."

நம்மவர் குறிப்பேட்டைத் தேடினார். வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

தேர்வாளர் நால்வரில் வெளியிலிருந்து வந்த மூத்தவர்தான் பேசினார். தடித்த கண்ணாடி அணிந்திருந்தார். மூக்குகளை எண்ணுவதற்கு விரலையும் பயன்படுத்தினார்.

"இதுல உங்க மனைவி எது?"

"எந்தத் தேதிக்கு சார்?"

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் அணிந்தார். "இந்த ரெண்டாவது கையெழுத்து யாரோடது?"

"அவங்களோடதுதான். ரெண்டாவது ஆள் பார்க்காம எங்க வேலையில எதுவும் வெளிய போகாதுங்க."

"இதோட அர்த்தம் என்ன?"

போன முறை கேட்ட அதே கேள்வி. "முகத்தை மட்டும் இருபத்தாறு நாள் பார்த்தேங்க. அப்படிப் பார்த்தும் ஆறு தடவை அவங்களைத் தப்புன்னு அடிச்சிருக்கேன். அதை எழுதியிருக்கேன்" என்றார் நம்மவர்.

நால்வரும் பக்கத்து அறைக்குப் போனார்கள். அரைமணி கழிந்து அவர்கள் திரும்பி வந்தபோது முடிவு எழுத்தில் இருந்தது. ஓவியம் தேர்ச்சிக்கு உரியது. ஆனால் வாய்களின் அருகே உள்ள வாக்கியங்கள் ஓவியத்துக்குப் புறம்பானவை. அவற்றை ஒரு வாரத்துக்குள் நீக்கி அலுவலகத்தில் காட்டினால்தான் பட்டம். "எழுத்து வந்துட்டா அது படம் இல்ல, பைல்" என்று மூத்தவர் வாய்மொழியாகவும் விளக்கினார்.

வீடு திரும்பிய நம்மவர் மூன்று நாள் படத்தின் முன் நின்றார். கையில் சவர அலகு இருந்தது. தடித்த தாள்தான், மெல்லச் சுரண்டினால் மை போய்விடும். ஆறு வாக்கியம், பன்னிரண்டு கையொப்பம். ஒரு மணி நேர வேலை. நான்காம் நாள் மாலை அலகை உறைக்குள் போட்டுவிட்டு மனைவியிடம் வந்தார்.

"ரூமை நீயே எடுத்துக்கோ."

"ஏன்?"

"என்னால அழிக்க முடியலை. அழிச்சா அந்த வாய் எல்லாம் மறுபடியும் தப்புன்னு ஆயிடும்."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தார். அந்த அறைக்காக ஐந்தாண்டு காத்திருந்தவர் அவர்.

"சரி, ஒண்ணு கேக்கிறேன். எழுதினது சரிதான்னு உங்களுக்குத் தெரியுது. ஆனா மேலேர்ந்து உத்தரவு வருது, எடுன்னு. அப்ப உங்க ஆபீஸ்ல என்ன செய்வீங்க?"

"ஒரு கோடு போட்டு அடிப்போம். பக்கத்துல 'உத்தரவின்படி'ன்னு எழுதி, உத்தரவு நம்பர் போட்டு, கையெழுத்து வைப்போம்."

"அப்புறம் எதுக்கு பிளேடோட நின்னீங்க மூணு நாளு?"

"இதை ஒத்துக்குவாங்களா?"

"ஒத்துக்கலேன்னா ரூம் எனக்கு. ஒத்துக்கிட்டா உங்களுக்கு. நான் எதுக்குக் கவலைப்படணும்?" என்று சொல்லிவிட்டு, கேளாமலே பேனாவை எடுத்துவந்து கொடுத்தார். சரிபார்த்தவர் என்ற இடத்தில் ஆறு முறை தாமே ஒப்பமும் இட்டார்.

ஏழாம் நாள், தாள் இப்போது முன்னைவிட எழுத்து மிகுந்து, கல்லூரி அலுவலகத்தின் மேசைமேல் விரிந்து கிடந்தது. தலைமை எழுத்தர் ஓய்வுபெற எட்டு மாதமே இருந்தவர். ஓவியங்களின் பக்கம் திரும்பிப் பாராமல் முப்பதாண்டுகளைக் கழித்தவர். தேர்வாளர் கடிதத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறுகை விரலால் ஆறு இடத்தையும் ஒவ்வொன்றாகத் தொட்டார். வாக்கியம் அடிக்கப்பட்டிருந்தது. உத்தரவு எண் சரியாக இருந்தது. தேதி இருந்தது. இரு ஒப்பம் இருந்தது. அவர் முகத்தில், நெடுநாள் பிரிந்த உறவினரைப் பேருந்து நிலையத்தில் கண்டவரின் களை படர்ந்தது.

"எங்க வேலை சார் உங்களுக்கு?"

சொன்னார்.

"இந்தக் காலேஜுக்கு நான் வந்து முப்பது வருஷம் ஆச்சு" என்றார் எழுத்தர். "முறையா வந்த முதல் படம் இதுதான்." முத்திரையை எடுத்தார். படத்தின்மேல் குத்தலாமா என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு மனத்தை அடக்கிக்கொண்டு கடிதத்தின்மேல் குத்தினார்.

நம்மவர் முதுகலைப் பட்டம் பெற்றார். ஆய்வகத்தில் பணி உயர்வோ பெயர் மாற்றமோ இல்லை. மில்லிகிராம் மில்லிகிராமாகவே இருக்கிறார். பேச்சின்படி பின்னறை அவருக்கே உரியது. படம் அங்கேதான் மாட்டியிருக்கிறது.

ஆனால் மாலை ஐந்தரைக்கு மருந்தகத்திலிருந்து திரும்பும் மனைவி பையை வைத்ததும் நேரே அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். வரைவதற்கு ஒன்றும் இல்லை, நாற்காலி இருக்கிறது. நம்மவர் கதவுக்கு வெளியே, பழக்கம் காரணமாக, நின்றுகொண்டேயிருக்கிறார். அரைமணி ஆனதும் விரல் நுனியால் மெல்லத் தட்டுகிறார்.

"இன்னிக்கு எந்தத் தேதி வாய்?"

சில நாள் பதில் உடனே வந்துவிடும். சில நாள், "இன்னும் ஊறலைங்க" என்று வரும். அன்றைக்கு அவர் இன்னும் ஒரு நான்கு நிமிடம் நிற்பார்.